காலி நாற்காலிகளுக்கு முன்னால் பதினொரு கோடை

லியாவ் பெய்-ஷானை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு ஜெராக்ஸ் மெஷின் முன்னால். தாய்ச்சுங் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் கடையில், காலை ஏழரை மணி. விண்ணப்பம் நேரில் கொடுக்க அன்றே கடைசி நாள். மெஷினுக்கு வரிசையில் ஒன்பது பேர் நின்றோம். ஒன்பது பேருக்கும் வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, கையில் நீல அட்டைக் கோப்பு. மெஷின் ஒரே பெண்ணின் கையில் இருபது நிமிடமாக மாட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, இன்னும் எவ்வளவு நேரம்?" என்றேன். வாயில் சோற்றுருண்டை இருந்ததால் மரியாதை கொஞ்சம் குறைவாகத்தான் வந்தது.

"எட்டு வருஷத்த நகல் எடுக்கறேன் தம்பி. இருபது நிமிஷங்கூட ஆகாதா?" என்றார் திரும்பாமலே. பிறகு திரும்பி என் விண்ணப்பத்தை ஒரு பார்வை பார்த்தார். "போட்டோவுல சிரிக்கிற. இது மொத வருஷமா?"

"ஆமா. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ரெண்டாம் வருஷத்துல இருந்து யாரும் சிரிக்க மாட்டாங்க."

வரிசையில் இருந்த எட்டுப் பேரில் ஏழு பேர் சிரித்தார்கள். சிரிக்காத ஒருவனுக்கு அது முதல் வருடம் என்று எனக்குப் புரிந்தது.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், அதற்குமேல் இந்தக் கதையில் எனக்கு இடமில்லை. எங்கள் ஊர் யுன்லின் கடற்கரையில் இருக்கிறது. அப்பா சிப்பிக் குளத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வாழ்பவர். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான்தான். ஆசிரியர் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கிய அன்று, கோயில் வாசலில் என் பெயரைச் சிவப்புத் துணியில் எழுதிக் கட்டினார் அப்பா. துணி மழையில் வெளுத்து, எழுத்து போய், கடைசியில் அது யாரோ ஒருவருடைய மீன் கூடையை மூடப் போய்விட்டது. வேலை மட்டும் வரவில்லை.

தைவானில் ஆசிரியர் வேலை தேடுகிறவர்களுக்கு வருடத்தில் ஒரே பருவம்தான் உண்டு: ஜூன், ஜூலை. ஒரு மாவட்டத்தில் தேர்வு முடிந்ததும் பெட்டியை உருட்டிக்கொண்டு அடுத்த மாவட்டத்துக்குப் போக வேண்டும். முதலில் எழுத்துத் தேர்வு. அதில் தப்பித்தால் மாதிரி வகுப்பு. இந்த மாதிரி வகுப்பைத்தான் என் அப்பாவுக்கு இன்றுவரை என்னால் விளக்க முடியவில்லை. கோடை விடுமுறை, பிள்ளைகள் கிடையாது. வகுப்பறை முழுக்கக் காலி நாற்காலிகள். கடைசி வரிசையில் ஐந்து தேர்வாளர்கள். நாம் காலி நாற்காலிகளைப் பார்த்து, "யார் சொல்றீங்க? ம், நீ சொல்லு. அடடா, ரொம்பச் சரி! எல்லாரும் கைதட்டுங்க!" என்று பாடம் நடத்த வேண்டும். கைதட்டல் கேட்டு நாமே பூரித்தும் போக வேண்டும்.

"அங்க பேய் உக்காந்திருக்கா?" என்று அப்பா கேட்டார்.

பேய் என்றால்கூடப் பதில் சொல்லும்.

பெய்-ஷான் இந்தக் கலையில் கரை கண்டவர். "மூணு பிள்ளைங்க போதும் தம்பி," என்பார். "கெட்டிக்காரி ஒருத்தி, சேட்டைக்காரன் ஒருத்தன், தப்பாச் சொல்றவன் ஒருத்தன். தப்பாச் சொல்றவன் சரியா நாலாவது நிமிஷத்துல தப்பாச் சொல்லணும். சேட்டைக்காரன நீ அதட்டக் கூடாது, அன்பா தோளத் தொடணும். காத்துல தோளத் தொடறப்ப உயரம் முக்கியம். ஒண்ணாங் கிளாஸ் புள்ளைய நெஞ்சு உயரத்துல தொட்டேன்னா மார்க் போச்சு."

அவருக்கு வயது முப்பத்தாறு. தகுதிக் காகிதங்களைப் பார்த்தால் ஆள் கெட்டி. வருடாவருடம் ஏதாவது ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியர் ஒப்பந்தம் கிடைத்துவிடும். ஆகஸ்டில் சேர்ந்தால் ஜூலையில் வெளியே. அதே பாடம், அதே பிள்ளைகள், அதே வேலை. மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ளும் மதிய உணவுப் பொறுப்பும், சண்டை பிடிக்கும் பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசும் பொறுப்பும் இலவச இணைப்பு. நிரந்தர ஆசிரியர்கள் ஜூலையில் ஜப்பானுக்குச் சுற்றுலா போவார்கள். இவர் பெட்டியை உருட்டுவார்.

அவருடைய கோப்பில் சான்றிதழ்கள் மட்டும் முப்பத்தொன்பது. காரணம் எங்கள் பள்ளிகள் போடும் அறிவிப்புகள். இடம் ஒன்று காலியாகும்போதே அது யாருக்கு என்று பள்ளியில் பேசி வைத்திருப்பார்கள். வெளியாள் வராமல் இருக்க அறிவிப்பில் நிபந்தனை போடுவார்கள்: மத்தளக் குழுவை நடத்தத் தெரிந்திருக்க வேண்டும், உயிர்காக்கும் நீச்சல் சான்றிதழ் வேண்டும், தேனீ வளர்ப்பு தெரிந்தவருக்கு முன்னுரிமை.

"ரத்த வகையத்தான் போடல," என்பார் பெய்-ஷான், ஒவ்வொரு அறிவிப்பையும் படித்துவிட்டு. ஆனால் சும்மா இருக்க மாட்டார். மத்தளம் கேட்டார்கள் என்றால் அந்தக் குளிர்காலமே மத்தளம் பழகுவார். அடுத்த கோடையில் மத்தளத்தை யாரும் கேட்க மாட்டார்கள், தேனீ கேட்பார்கள். தேனீயிடம் கொட்டு வாங்கிச் சான்றிதழோடு வந்தால் நீச்சல் கேட்பார்கள். இப்படி எங்கள் நாட்டிலேயே அதிகத் தகுதியுள்ள வேலையில்லாதவராக அவர் வளர்ந்துகொண்டே போனார்.

கடைசியாக அவருக்குக் கிடைத்த ஒப்பந்தம் ஒரு மலையடிவாரத் தொடக்கப்பள்ளியில். மொத்தமே அறுபத்திரண்டு பிள்ளைகள். சுற்றிலும் மூங்கில் காடு, பாதிப் பெற்றோருக்குக் குருத்து வெட்டும் தொழில். அங்கே மூன்று வருடம் இருந்தார். கயிறு இழுக்கும் போட்டியில் பிள்ளைகளை மாவட்ட அளவில் இரண்டாம் இடம் வரை இழுத்துக்கொண்டு போனார். ஒரே பள்ளியில் தற்காலிகமாக மூன்று வருடத்துக்குமேல் நீட்டிக்க முடியாது என்பது விதி. மூன்றாம் வருட முடிவில், தலைமையாசிரியர் யென் அவரை அறைக்குக் கூப்பிட்டார். யென் நல்ல மனிதர், ஆனால் எதையும் முழு வாக்கியமாகச் சொல்ல மாட்டார்.

"லியாவ் டீச்சர், இந்த வருஷம் ஒரு நிரந்தர இடம் வருது. நாங்களே தேர்வு வைக்கலாம்னு மாவட்டத்துல சொல்லிட்டாங்க. அறிவிப்ப நான்தான் எழுதறேன். கயிறு இழுக்கறது... மதியச் சாப்பாட்டுப் பொறுப்பு... மலையிலேயே தங்கணும்... நான் சொல்றது..."

"புரியுது சார்."

"நான் ஒண்ணும் சொல்லல."

"நானும் ஒண்ணும் கேக்கல சார்."

அன்று மாலை எனக்குப் போன் வந்தது. பத்து வருடம் மற்றவர்களுக்காகத் தைக்கப்பட்ட அறிவிப்புகளைத் திட்டித் தீர்த்த அதே குரல், இப்போது கொஞ்சம் வெட்கத்தோடு.

"தம்பி, இந்தத் தடவ எனக்கு."

"உங்களுக்குன்னா?"

"அளவெடுத்துத் தச்சிருக்காங்கடா. கயிறு இழுக்கற பயிற்சியாளர் சான்றிதழ் வேணுமாம். இந்த வேலையில அத எவன் வச்சிருப்பான்?"

என்னிடம் அது இருந்தது. இரண்டு வருடம் முன்பு ஒரு பஸ் பயணத்தில், "எது கெடச்சாலும் ஒரு சான்றிதழ் வாங்கி வச்சுக்கடா, என்னிக்காவது கேப்பானுங்க" என்று அவரே சொல்லி, மூன்று நாள் பயிற்சிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார். அதை அவர் மறந்துவிட்டார். எனக்கும் அந்த நேரத்தில் ஞாபகப்படுத்தத் தோன்றவில்லை. விண்ணப்பம் மட்டும் போட்டேன். கோயில் வாசலில் பெயர் எழுதிக் கட்டிய அப்பாவின் பிள்ளைக்கு வேறு வழி தெரியவில்லை.

தேர்வு நாள் காலையில் அந்தப் பள்ளி மைதானத்தில் நாற்பத்து மூன்று பேர் நின்றார்கள்.

வழக்கமாக இப்படிப்பட்ட அறிவிப்புக்கு மூன்று பேர் வருவார்கள்: வேலை கிடைக்கப்போகிறவர், அவருக்குத் துணையாகத் தோற்க வந்த நண்பர், விஷயம் தெரியாத ஒருவர். அன்று வந்த நாற்பத்து மூன்று பேர் கையிலும் கயிறு இழுக்கும் பயிற்சியாளர் சான்றிதழ் இருந்தது. பத்து வருடமாக ஒவ்வொரு அறிவிப்பையும் துரத்தித் துரத்திச் சான்றிதழ் சேர்த்தவர் பெய்-ஷான் ஒருவர் மட்டும் இல்லையே; நாங்கள் எல்லோரும்தான். ஒருவன் அதோடு நடுவர் சான்றிதழும் வைத்திருந்தான். ஊர்க் கோயிலில் கல்விக் கடவுளின் மேசைக்கடியில் வேண்டிக்கொண்டு வைத்த நாற்பது நுழைவுச் சீட்டு நகல்கள் கிடந்தன என்று பிறகு கேள்விப்பட்டேன். இடம் ஒன்று, நகல் நாற்பது. அந்தக் கடவுள் எங்களில் யார் முகத்திலும் விழிக்க விரும்பியிருக்க மாட்டார்.

பெய்-ஷான் படியில் நின்று கூட்டத்தைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"டேய். நீயுமா?"

"அக்கா, நீங்கதான் அன்னிக்கு..."

"எனக்குத் தச்ச சட்டைய நாப்பத்து மூணு பேரு போட்டுக்கிட்டு வந்து நிக்கறீங்களேடா!"

"நல்லாத்தான் இருக்கு அக்கா, கை மட்டும் கொஞ்சம் நீளம்," என்றான் அந்த நடுவர் சான்றிதழ்க்காரன். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் இது அவருக்குப் பதினோராவது கோடை. இதற்குமேல் பெட்டி உருட்ட உடம்பில் தெம்பில்லை, இதுவும் போனால் இந்தத் தொழிலையே விட்டுவிடப் போகிறேன் என்று முந்தின வாரம்தான் என்னிடம் சொல்லியிருந்தார்.

காலையில் எழுத்துத் தேர்வு. மதியம் மாதிரி வகுப்புக்குப் பத்துப் பேரை நிறுத்தினார்கள். சீட்டுக் குலுக்கியதில் அவருக்கு ஐந்தாம் எண், எனக்கு ஆறாம் எண். சட்டையில் எண் மட்டும்தான் குத்திக்கொள்ள வேண்டும். பெயர் சொல்லக் கூடாது, எந்த ஊர், எந்தப் பள்ளி என்று ஜாடையாகக்கூடக் காட்டக் கூடாது. காட்டினால் மாதிரி வகுப்புக்குப் பூஜ்யம். தேர்வாளர்களில் மூவர் வெளியூர்க்காரர்கள். நியாயமாக நடக்கிறது என்று காகிதத்தில் காட்டுவதற்காக வரவழைக்கப்பட்டவர்கள். அவர்களில் ஒரு கண்ணாடி போட்ட அம்மா, விதிமுறைத் தாளில் மஞ்சள் கோடு போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

மற்ற அறைகளுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்ததால் மாதிரி வகுப்பை ஐந்தாம் வகுப்பு அறையில் வைத்தார்கள். அது பெய்-ஷானின் வகுப்பறை. சுவரில் பிள்ளைகள் வரைந்ததையெல்லாம் செய்தித்தாள் ஒட்டி மறைத்திருந்தார்கள். நியாயம் அந்த அளவுக்கு.

அடுத்த எண்காரர் அறைக்கு வெளியே நாற்காலியில் காத்திருக்க வேண்டும். அதனால் எல்லாம் என் காதில் விழுந்தது. அவருக்கு விழுந்த பாடம் பின்னம் கூட்டுவது.

முதல் மூன்று நிமிடம் தங்கம். கெட்டிக்காரி பதில் சொன்னாள், கைதட்டல் வந்தது, சேட்டைக்காரனின் தோள் சரியான உயரத்தில் தொடப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். நாலாவது நிமிடத்தில் தப்புச் சொல்கிறவன் வர வேண்டும். வந்தான்.

"பின்-யூ," என்றார் பெய்-ஷான்.

எனக்குச் சுருக்கென்றது. அது அவருடைய கற்பனைப் பிள்ளைகளில் யாருடைய பெயரும் இல்லை.

"பின்-யூ, தூங்கறியா? அப்பாவோட குருத்து வெட்டப் போனியா விடியக்காலைல? சரி, முகத்தக் கழுவிட்டு வா. ம். ஒண்ணுல பாதியையும் மூணுல ஒண்ணையும் சேத்தா என்ன?"

பிறகு சத்தமே இல்லை. மாதிரி வகுப்பில் பதிலுக்காக இரண்டு விநாடி காத்திருப்பது வழக்கம். அதற்குமேல் போனால் பாடம் மறந்துவிட்டது என்று அர்த்தம். பத்து விநாடி ஆயிற்று. இருபது ஆயிற்று. உள்ளே ஒரு பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்டது. அவர் மறக்கவில்லை. பின்-யூ என்கிற பையன் பதில் சொல்ல அவ்வளவு நேரம் எடுப்பான், அவ்வளவுதான். மூன்று வருடம் அவனுக்காகக் காத்திருந்து பழகிய பெண், அவன் உட்காரும் ஜன்னலோர நாற்காலியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"அஞ்சுல ரெண்டா? மேல உள்ளத மேல உள்ளதோட, கீழ உள்ளத கீழ உள்ளதோட கூட்டிட்ட. பரவால்ல, உக்காராத. இங்க வா. மூங்கில் ஒண்ணு வெட்டுவோம்."

பிறகு அவர் கரும்பலகையில் ஒரு மூங்கிலை வரைந்து, அதைப் பாதியாக வெட்டி, இன்னொன்றை மூன்றாக வெட்டி, இரண்டையும் ஒரே அளவுத் துண்டுகளாக்கிக் காட்டினார். வெளியே உட்கார்ந்திருந்த எனக்கே பின்னம் அன்றுதான் புரிந்தது. பட்டம் வாங்கியவன் சொல்கிற பேச்சா இது என்று கேட்கலாம், ஆனால் உண்மை. நான் கேட்ட மாதிரி வகுப்புகளில் அது ஒன்றுதான் மாதிரியாக இல்லாமல் வகுப்பாக இருந்தது.

மணி அடித்தது. நாற்காலி இழுக்கும் ஓசை கேட்டது. ஜன்னல் பலகையின் இடுக்கில் பார்த்தேன். கண்ணாடி அம்மா எழுந்து முன்னால் நடந்தார். ஆசிரியர் மேசைமேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளின்மேல் குனிந்தார். அதற்கடியில் வகுப்பின் இருக்கை வரைபடம் இருந்தது. சுவரை முழுக்கச் செய்தித்தாளால் மூடியவர்கள் அதை மறந்துவிட்டார்கள்.

"ஜன்னல் பக்கம், மூணாவது இடம்," என்று படித்தார் அந்த அம்மா. "ட்ஸெங் பின்-யூ."

நிமிர்ந்து கரும்பலகையைப் பார்த்தார்.

"அஞ்சாம் எண், இந்தக் கையெழுத்து உங்களோடதா? பலகையில எழுதினதும் இதும் ஒரே மாதிரி இருக்கே."

"ஆமாங்க."

"அப்ப நீங்க இந்தப் பள்ளிக்கூடத்து ஆளு."

"ஆமாங்க. மறந்துட்டேன். அவன் அங்கதான் உக்காருவான்."

"மாதிரி வகுப்புல கற்பனைப் பிள்ளைங்களுக்குத்தான் பாடம் எடுக்கணும். இது விதி."

அதுவரை பணிவாக இருந்த பெய்-ஷானின் குரல் மாறியது. "இல்லாத புள்ளைக்குச் சொல்லிக் குடுத்தா வேலை. இருக்கற புள்ளைக்குச் சொல்லிக் குடுத்தா பூஜ்யம். அப்படித்தானேம்மா?"

"நான் விதிய எழுதல."

"யாருமே எழுதல போல," என்று சொல்லிவிட்டு, அழிப்பானை எடுத்துப் பலகையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு வெளியே வந்தார். அடுத்தவருக்காகப் பலகையைத் துடைத்து வைக்க வேண்டும் என்பதும் விதிதான்.

தலைமையாசிரியர் யென் பின்னாலேயே ஓடிவந்தார். முகம் வேர்த்திருந்தது.

"லியாவ் டீச்சர், நான்... பாருங்க, வெளியாளுங்க முன்னாடி நான் எப்படி..."

"ஒண்ணும் சொல்லாதீங்க சார். நீங்கதான் மொதல்லயே ஒண்ணும் சொல்லலையே."

என் முன்னால் நின்றார். உதட்டில் சாக்பீஸ் தூள். "போடா. ஆறாம் எண். உள்ள அஞ்சு பேரு காத்திருக்காங்க. பின்-யூ பேர மட்டும் எடுத்துராத."

நான் உள்ளே போனேன். ஜன்னலோரம் மூன்றாவது நாற்காலியைப் பார்க்கவே கூடாது என்று முடிவு செய்துகொண்டு, இருபது நிமிடமும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மதிப்பெண்ணை இங்கே சொல்வதாக இல்லை.

மறுநாள் பட்டியல் ஒட்டினார்கள். எடுக்கப்பட்டவர் இருபத்திரண்டாம் நுழைவுச் சீட்டுக்காரர். அந்த நடுவர் சான்றிதழ்க்காரன்தான். காத்திருப்போர் பட்டியலில் தகுதியான யாரும் இல்லை என்று போட்டிருந்தது. பத்து நாளில் அவனுக்குத் தலைநகரத்துப் பள்ளி ஒன்றில் இடம் கிடைத்தது. மலைக்கு வராமலே மன்னிப்புக் கடிதம் அனுப்பினான். அழகான கடிதம் என்று யென் சொன்னார். காத்திருப்பில் ஆள் இல்லாததால் நிரந்தர இடத்தை அந்த வருடம் நிரப்ப முடியாது. பள்ளி தற்காலிக ஆசிரியருக்கு அறிவிப்புப் போட்டது. முதல் சுற்றில் ஒருவரும் வரவில்லை. நிரந்தரம் என்றதும் மைதானம் நிறைய வந்த நாற்பத்து மூன்று பேரில், பத்து மாத ஒப்பந்தத்துக்கு மலையேற ஒருவருக்கும் மனம் வரவில்லை. எனக்கும் வரவில்லை; அந்த வாரம் கடற்கரையில் ஒரு பள்ளி என்னை எடுத்துக்கொண்டது. இரண்டாம் சுற்றிலும் ஆள் இல்லை.

இரண்டாம் சுற்றுக்குப் பிறகு பெய்-ஷானுக்கு யென் போன் செய்தாராம்.

"லியாவ் டீச்சர், மூணாவது சுத்து அறிவிப்பு... நீங்க பாத்தீங்களான்னு..."

"பாத்தேன் சார். மூணு வருஷக் கணக்கு என்ன ஆச்சு?"

"புது அறிவிப்பு, புதுத் தேர்வுன்னா கணக்கு மறுபடி ஒண்ணுல இருந்து. நீங்க விண்ணப்பம்..."

"மாதிரி வகுப்பு உண்டா?"

"விதிப்படி... இருக்கணும். நானும் ரெண்டு டீச்சரும் மட்டும்தான் உக்காருவோம்."

"சார், ஒரு தடவையாவது ஒரு வாக்கியத்த முடிங்க."

"வாங்க டீச்சர். பிள்ளைங்களுக்கு ஆள் இல்ல," என்றார் யென்.

தொழிலை விட்டுவிடுகிறேன் என்று சொன்னவர்தான். விண்ணப்பத்தில் விலகிய காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கிறது. அதில் 'முந்தைய ஒப்பந்தம் முடிந்ததால்' என்று எழுதி, பதினோராவது கோடையின் கடைசி விண்ணப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஒரே விண்ணப்பதாரர் அவர்தான். ஒருவருக்குப் போட்டியாக ஒருவரே நின்று, தன்னையே முந்தி, முதலிடம் பெற்றார். வாழ்த்துச் சொல்லிச் செய்தி அனுப்பினேன். "சம்பளம் பழையதுதான், சாப்பாட்டுப் பொறுப்பும் பழையதுதான், வாழ்த்து எதுக்கு?" என்று பதில் வந்தது.

பெய்-ஷான் இப்போது அதே மலையடிவாரப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குத் தற்காலிக ஆசிரியராக இருக்கிறார். பின்-யூவும் அந்த வகுப்பில்தான் படிக்கிறான். ஒப்பந்தம் ஜூலை முதல் தேதி முடிகிறது.